ஈயத்தாள் முதல் நெளியட்டை வரை

தேயிலைக்குப் பகை மூன்று என்பர்: ஈரம், வெளிச்சம், அயல்மணம். இவற்றுள் முதற்பகை ஈரமே. பறித்த பசுந்தளிரின் எடையில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் நீராகும். தளிரை வாட்டி, உருட்டி, பதமாகப் புளிக்கவைத்து, அனற்காற்றில் உலர்த்தி முடித்த பின்னர், நூற்றுக்கு ஏறத்தாழ 3 பங்கு நீரே அதில் எஞ்சும். ஒரு கிலோ தேயிலை கிடைக்க நான்கு கிலோவுக்கு மேற்பட்ட தளிர் வேண்டும். இவ்வளவு உழைப்பும் நெருப்பும் செலவிட்டு வெளியேற்றிய நீரை, உலர்ந்த தூள் காற்றிலிருந்து மீண்டும் உறிஞ்சத் துடிக்கிறது. அவ்வாறு உறிஞ்சி 7 பங்கு அளவை எட்டிவிட்டால் மணம் மங்கும், சுவை கெடும், நாளடைவில் பூஞ்சணமும் பற்றும். ஆகவே தேயிலையின் வரலாறு செடியோடும் ஆலையோடும் முடிவதன்று. அதனைப் பொதிந்து காத்த உறையின் வரலாறும் அதனுள் அடங்கும்.

இவ்வுண்மையை விளக்கப் பகாங் மாநிலத்துக் கேமரன் மலையினும் பொருத்தமான இடம் அரிது. 1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் கண்டு குறித்த அம்மேட்டுநிலம், நெடுங்காலம் காடாகவே கிடந்தது. 1925இல் சர் ஜார்ஜ் மாக்ஸ்வெல் அங்குச் சென்று பார்வையிட்ட பின்னரே அதனைத் திருத்தும் முயற்சி வேகம் பெற்றது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர் அங்கே ‘போ’ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். தென்னிந்தியாவினின்றும் வந்த தமிழ்த் தொழிலாளர் அம்மலைச் சரிவுகளைத் தோட்டமாக்குவதில் பெரும்பங்கு ஆற்றினர். ஆண்டில் 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. காலை மாலைகளில் பனிமூட்டம். எப்போதும் ஈரம் செறிந்த காற்று. செடியைத் தழைக்கச் செய்யும் அதே ஈரம், செய்து முடித்த தேயிலையைக் கெடுக்கவும் வல்லது. மலையினின்று இறங்கினாலோ, வெப்பமும் ஈரமும் ஒருங்கே கூடிய சமவெளி காத்திருக்கிறது. வளர்த்த தாயே பகையாவது போன்ற நிலை இது.

இவ்விடர் கேமரன் மலைக்கு மட்டும் உரியதன்று. கடல் கடந்து விற்கப்பட்ட நாள் முதலே தேயிலையைத் தொடர்ந்து வந்திருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் சீனத் துறைமுகங்களினின்று ஐரோப்பாவுக்குச் சென்ற தேயிலை, மரப்பெட்டிகளின் உட்புறம் ஈயத்தகடு வேய்ந்து அனுப்பப்பட்டது. காகிதம் ஒட்டிய இரண்டு ஓடுகளுக்கிடையே உருகிய ஈயத்தை ஊற்றி, உடனே மேலோட்டை அழுத்தி மெல்லிய தகடாக்குவது சீனத் தொழிலாளரின் கைத்திறன். பின்னாளில் இந்தியாவிலும் இலங்கையிலும் தோட்டங்கள் பெருகியபோது இவ்வழக்கம் அங்கும் பரவியது. ஈயம் நீராவியைத் தடுத்தது. ஆனால் கனமும் நஞ்சும் உடையது. 20ஆம் நூற்றாண்டில் அதன் இடத்தை அலுமினியத்தாள் பிடித்தது. உலோகம் மாறியும் பெயர் மாறவில்லை என்பது தமிழாசிரியர்கள் கருதத்தக்கது. அலுமினியத்தாளை இன்றும் ‘ஈயத்தாள்’ என்று வழங்குவோர் பலர். மறைந்துபோன ஒரு பொருளைச் சொல் மட்டும் நினைவில் வைத்திருக்கிறது.

பெட்டியும் மாறியது. கனத்த பலகைகளுக்குப் பதிலாக ஒட்டுப்பலகை வந்தது. பால்டிக் கடற்கரையில், இன்று தாலின் எனப்படும் நகரத்து லூதர் ஆலை, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தேயிலைப் பெட்டிக்கான ஒட்டுப்பலகையால் பெயர் பெற்றது. ஓரங்களில் தகரப்பட்டை அடித்து, உள்ளே உலோகத்தாள் விரித்த அப்பெட்டி, 50 கிலோ அளவு தேயிலையைத் தாங்கியது. கேமரன் மலையில் முதற்செடி நட்ட காலத்தில் உலகத் தேயிலை வணிகத்தின் பொது அடையாளம் அதுவே. ஆயினும் ஒவ்வொரு பெட்டிக்கும் மரம் வெட்டப்பட வேண்டியிருந்தது.

மரத்துக்கு மாற்றாக வந்தது காகிதம். 1856இல் இங்கிலாந்தில் ஹீலி, ஆலன் என்னும் இருவர் மடிப்பு நெளிவிட்ட காகிதத்துக்கு உரிமம் பெற்றனர். அது தொப்பியின் உட்புறத்துக்காகச் செய்யப்பட்டது. 1871இல் அமெரிக்கரான ஆல்பர்ட் ஜோன்ஸ் நெளிகாகிதத்தைக் கண்ணாடிக் குப்பிகளைச் சுற்றிப் பொதியப் பயன்படுத்தினார். 1874இல் ஆலிவர் லாங் என்பவர் அதன்மேல் தட்டைத் தாளை ஒட்டி உறுதியாக்கினார். நெளியட்டை பிறந்தது. நீராவியில் இளக்கிய தாள் பள்ளமும் மேடும் கொண்ட உருளைகளுக்கிடையே சென்று நெளிவு பெறுகிறது. நெளிவின் முகடுகளில் மாவுப்பசை தடவி இருபுறமும் தட்டைத் தாள் ஒட்டப்படுகிறது. கட்டடத்தின் தூண் வரிசை போல் அந்நெளிவுகளே சுமையைத் தாங்குகின்றன.

இங்கேதான் ஈரம் மீண்டும் குறுக்கிடுகிறது. காகிதமும் நீரை விரும்புவது, பசையோ மாவு. காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டை எட்டினால் நெளியட்டைப் பெட்டி தன் தாங்குவலிமையில் ஏறத்தாழப் பாதியை இழந்துவிடும். அடுக்கின் அடியிலுள்ள பெட்டி நசுங்கும்; மேலுள்ளவை சரியும்.

இதற்குத் தீர்வளித்த பொருள் தற்செயலாகக் கிடைத்தது. 1933இல் இங்கிலாந்தின் செஷயர் பகுதியில் ஐ.சி.ஐ. நிறுவனத்து ஆய்வாளர்களான பாசெட், கிப்சன் ஆகியோர், மிகுந்த அழுத்தத்தில் எத்திலீன் வாயுவைச் சோதித்தபோது மெழுகு போன்ற வெண்பொருள் ஒன்றைக் கண்டனர். அதுவே பாலித்தீன். 1939இல் ஆலை உற்பத்தி தொடங்கியது. உலகப் போரில் ரேடார்க் கம்பிகளுக்கு உறையாயிற்று. போருக்குப் பின் பொதிதொழிலுக்குள் புகுந்தது. உருகிய பாலித்தீனை நீண்ட இடுக்கின் வழியே மெல்லிய திரைபோல் இறக்கி, ஓடும் தாளின்மீது படியவைத்து, குளிர்ந்த உருளையால் அழுத்தினால் தாளும் படலமும் பிரியாது ஒட்டிக்கொள்கின்றன. அத்தாளை முகப்பாக வைத்து நெளியட்டை செய்தால், மேலே விழும் நீர் உட்புகாது வழிந்தோடும். பசையிலும் நீரைத் தாங்கும் பிசின் கலக்கப்படுகிறது. காய்கறி, மலர், மீன் முதலிய ஈரச் சரக்குகளுக்கு இத்தகைய அட்டை ஏற்றது. ஆயினும் வெட்டுமுனை படலமின்றித் திறந்தே இருப்பதால் அவ்வழியே ஈரம் ஏறும். ஆதலின் தேயிலைக்கு உள்ளுறை தனியே வேண்டும். அட்டைப்பெட்டி சுமையைத் தாங்க, உள்ளுறை ஈரத்தைத் தடுக்கிறது. மொத்த வணிகத்திலோ, 20ஆம் நூற்றாண்டின் இறுதியில், உலோகத்தாள் உள்வைத்த பல்லடுக்குக் காகிதப்பைகள் ஒட்டுப்பலகைப் பெட்டியைப் பெரும்பாலும் அகற்றிவிட்டன.

எனினும் ஒவ்வொரு தீர்வும் ஒரு விலை கேட்டது. ஈயம் நஞ்சைத் தந்தது. ஒட்டுப்பலகை காட்டைக் கேட்டது. பாலித்தீன் படலமோ அட்டையின் மறுபிறப்பைத் தடுக்கிறது. வெற்று நெளியட்டையை நீரில் கரைத்து மீண்டும் தாளாக்கலாம். படலம் ஒட்டிய அட்டை எளிதில் கரையாது. பிரித்தெடுத்த படலம் கழிவாகிறது. இதனாலேயே, நீரில் கரைத்துப் பூசி உலர்த்தும் புதுவகைப் பூச்சுகள் இன்று முயலப்படுகின்றன. நீரைத் தடுப்பது, ஆனால் நீரிலேயே பிரிவது என்னும் இருவேறு பண்புகளை ஒரு பூச்சிடம் எதிர்பார்ப்பது எளிதன்று.

தளிர் பறிக்கும் கைகளை வரலாறு ஓரளவேனும் பேசியிருக்கிறது. பெட்டி செய்த கைகளையும், பொதி கட்டிய கைகளையும் அது அதிகம் பேசவில்லை. ஆயினும் மலைச்சரிவில் நாள் முழுதும் நின்று பறித்தவர் உழைப்பு வீணாகாது தொலைவிலுள்ள கோப்பைவரை சென்று சேர்ந்தது, மயிரிழையினும் மெல்லிய ஒரு படலத்தின் துணையாலேயே. அப்படலம் தேயிலையைக் காத்தால் மட்டும் போதாது. தேயிலை விளையும் மண்ணையும் கெடுக்காதிருத்தல் வேண்டும். ஈயத்தினின்று தொடங்கிய தேடல் இன்னும் முற்றுப்பெறாமைக்குக் காரணம் இதுவே.