இசைவு

இசைதல் என்றால் பொருந்துதல், உடன்படுதல். அதிலிருந்து வந்தது இசைவு. ஒலியைக் குறிக்கும் இசையும் இதே வடிவம்தான். ஒப்புதல், ஒத்திருத்தலைச் சொல்லும் ‘ஒப்பு’ என்பதன் வழி வந்தது. சம்மதம் வடசொல், சேர்ந்து எண்ணுதல் அதன் உட்பொருள்.

காணொளி வழி உளவியல் ஆலோசனைக்கு முன் பெறும் உடன்பாட்டைக் குறிக்க இம்மூன்று சொற்களில் இசைவே பொருத்தம் என்பேன். திரையில் வரும் ‘ஏற்கிறேன்’ பொத்தானை அழுத்துவது ஒப்புதல் ஆகலாம், இசைவு ஆகாது. உரையாடல் பதிவாகுமா, குறிப்புகளை யார் பார்ப்பார்கள், இணைப்பு அறுந்தால் என்ன செய்வது, உயிருக்கு ஆபத்து என்றால் யாரிடம் சொல்வார்கள்: இவை தெரிந்த பிறகே மனம் இசையும்.

இந்தியாவின் 2020 தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள், நோயாளியே அழைத்தால் இசைவு உள்ளதாகக் கொள்கின்றன; மருத்துவர் தொடங்கினால் வெளிப்படையாகக் கேட்க வேண்டும். உளவியலில் அந்த முதல் விதி போதாது. அழைத்தவருக்கு அருகே மாமியாரோ கணவரோ உட்கார்ந்திருக்கலாம். அழைத்தவர் சொல்லும் “ம்” யாருடையது? 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு தரும் இரகசியம் காக்கப்படும் உரிமை, அவர் இருக்கும் அறையின் கதவு சாத்தியிருக்கிறதா என்று கேட்பதில்தான் தொடங்குகிறது.