ரோபோ வழி மைட்ரல் வால்வு சீரமைப்பு

இதயத்தின் இடது மேலறைக்கும் இடது கீழறைக்கும் நடுவே இருப்பது மைட்ரல் வால்வு. அது சரியாக மூடாமல் ரத்தம் பின்னோக்கிக் கசியும்போது, மார்பெலும்பைப் பிளக்காமல், வலப்பக்க விலா எலும்புகளுக்கு இடையே செலுத்தும் ரோபோ கருவிகளால் செய்யப்படும் அறுவை சிகிச்சை இது. ரோபோ தானாக எதையும் வெட்டுவதோ தைப்பதோ இல்லை. சில அடி தள்ளி இயக்குமேடையில் அமர்ந்திருக்கும் மருத்துவரின் கையசைவுகளையே அதன் கருவிகள் மார்புக்குள் நிகழ்த்துகின்றன.

மைட்ரல் வால்வுக்கு முன், பின் என இரண்டு இதழ்கள். மெல்லிய நாண்கள் அவற்றைக் கீழறையின் தசைமுனைகளோடு இழுத்துப் பிடித்திருக்கின்றன. நாண் நீண்டாலோ அறுந்தாலோ இதழ் மேலறைப் பக்கம் சரிகிறது. மூச்சிரைப்பு, களைப்பு என்று தொடங்கி, கவனிக்காமல் விட்டால் கீழறையே விரிந்து தளர்ந்துவிடும். வால்வை மாற்றி உலோக வால்வு பொருத்தினால் ஆயுள் முழுக்க ரத்த உறைவுத் தடுப்பு மருந்து வேண்டும். திசு வால்வு காலப்போக்கில் பழுதாகும். அதனால்தான், முடிந்தவரை சொந்த வால்வையே சரிசெய்து காப்பாற்றுவது மேல்.

இந்தச் சீரமைப்புக்கு இலக்கணம் வகுத்தவர் பிரெஞ்சு மருத்துவர் அலேன் கார்ப்பாந்தியே. 1983இல் அவர் எழுதிய ‘பிரெஞ்சுத் திருத்தம்’ என்ற கட்டுரை இத்துறையின் அடித்தளம். 1998இல் டா வின்சி என்ற அறுவை ரோபோவின் தொடக்க வடிவத்தைக் கொண்டு பாரிஸில் முதன்முதலில் மைட்ரல் வால்வைச் சீரமைத்தவரும் அவரே. விரைவிலேயே ஜெர்மனியின் லைப்சிக்கில் ஃப்ரீட்ரிஷ் மோர் தொடர்ந்தார். 2000இல் வட கரோலினாவின் கிரீன்வில் நகரில் ராண்டால்ஃப் சிட்வுட் இதைச் செய்தார். 2002இல் அமெரிக்க அரசின் ஒப்புதல் கிடைத்தது.

இதயம் துடித்துக்கொண்டிருக்கும்போது இந்த வேலையை வழக்கமாகச் செய்வதில்லை. தொடைப் பக்கத்து ரத்தக் குழாய்கள் வழியாக நோயாளியை இதய-நுரையீரல் இயந்திரத்தோடு இணைத்து, மகாதமனியை அடைத்து, மருந்துக் கரைசலால் இதயத்தை நிறுத்துகிறார்கள். இடது மேலறையைத் திறந்ததும் வால்வு நேர் எதிரே, முப்பரிமாணத்தில், பெரிதாகத் தெரிகிறது. கருவி முனைகள் மணிக்கட்டைப்போலத் திரும்பும், கைநடுக்கம் வடிகட்டப்பட்டுவிடும். சரிந்த இதழின் மிகைப் பகுதியை வெட்டித் தைக்கலாம். அல்லது கோர்-டெக்ஸ் நூலால் புதிய நாண்களைக் கட்டலாம். இங்கேதான் மருத்துவரின் தேர்ச்சி வெளிப்படுகிறது. நூல் சற்றுக் குட்டையானால் இதழ் கீழே இழுபட்டு மூடாமல் நிற்கும். நீண்டால் மறுபடி சரியும். விரிந்த விளிம்பை வளையமோ பட்டையோ வைத்துத் தைத்து இறுக்கிய பின், கீழறைக்குள் உப்புநீரைச் செலுத்தி இதழ்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா, எங்காவது கசிகிறதா என்று பார்க்கிறார்கள். இதயம் மீண்டும் துடித்ததும் உணவுக்குழாய் வழி எடுக்கும் எக்கோ பரிசோதனை இறுதித் தீர்ப்பு சொல்லும். கசிவு தங்கியிருந்தால் இதயத்தை மறுபடி நிறுத்தித் திருத்த வேண்டியதுதான்.

பரவலாகப் பயன்பட்ட டா வின்சி தலைமுறைகளில் தொடுவுணர்வு இல்லை. நூல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தே மருத்துவர் கணிக்கிறார். நேரமும் கூடும்: கிளீவ்லேண்ட் கிளினிக் 2011இல் வெளியிட்ட ஒப்பீட்டில், மார்பெலும்பை முழுதும் பிளக்கும் முறையைவிட இதய-நுரையீரல் இயந்திரத்தில் இருந்த நேரம் 42 நிமிடம் அதிகம், மருத்துவமனையில் தங்கியதோ ஏறத்தாழ ஒரு நாள் குறைவு. அதே மருத்துவமனையின் முதல் 1,000 நோயாளிகளில் ஒருவர் இறந்தார். 14 பேருக்குப் பக்கவாதம் வந்தது. மிகச் சிறந்த கணக்குதான். ஆனால் இவர்கள் கவனமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், அறுவை செய்தவர்களும் கைதேர்ந்த குழுவினர் என்பதை விட்டுவிட்டு இந்த எண்களை மட்டும் விளம்பரப்படுத்துவது நோயாளிக்குச் செய்யும் அநீதி.

தொடைத் தமனியிலோ மகாதமனியிலோ கடும் கொழுப்பு, சுண்ணாம்புப் படிவு உள்ளவர்களுக்கு இம்முறை பெரும்பாலும் ஏற்றதல்ல. வலப்பக்க நுரையீரல் மார்புச் சுவரோடு ஒட்டியிருந்தாலும் சிக்கல். இந்தியாவில் இன்றும் மிகுதியாகக் காணப்படும் ருமாட்டிக் காய்ச்சலின் பாதிப்பில் இதழ்கள் தடித்து, ஒட்டி, சுண்ணாம்பேறிப் போகின்றன. அத்தகைய வால்வைச் சீரமைப்பது எந்த வழியில் போனாலும் கடினம். பலருக்கு மாற்று வால்வே பொருத்த வேண்டியிருக்கிறது.