காரைக்காலின் 80 வாக்குகள்

குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பதில் காரைக்காலுக்குப் பங்கு உண்டா? உண்டென்றால், அவரைப் பதவியிலிருந்து நீக்கும் நாளில் அந்தப் பங்கு என்னவாகிறது? இந்த இரண்டு கேள்விகளோடுதான் தேடலைத் தொடங்கினேன்.

முதல் தடயம் அரசமைப்புச் சட்டத்தின் 54ஆவது பிரிவில் கிடைத்தது. பழைய பதிப்பில், வாக்களிப்போர் பட்டியலில் நாடாளுமன்றத்துக்கும் மாநிலச் சட்டமன்றங்களுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் மட்டுமே இருக்கிறார்கள். காரைக்கால் அடங்கிய புதுச்சேரிக்கு 1963 முதல் சட்டமன்றம் இருந்தும் அதற்கு இடமில்லை. பிந்தைய பதிப்பில் அதே பிரிவின் கீழ் ஒரு விளக்கம் சேர்ந்திருக்கிறது: மாநிலம் என்பதில் டெல்லியும் புதுச்சேரியும் அடங்கும். அடிக்குறிப்பைப் பார்த்தால், 1992ஆம் ஆண்டின் 70ஆவது திருத்தம். நடைமுறைக்கு வந்த நாள் 1.6.1995. ஆக, ஜாகிர் உசேன் முதல் சங்கர் தயாள் சர்மா வரையிலான தேர்தல்களில் காரைக்கால் எம்.எல்.ஏ.க்களுக்கு வாக்கில்லை. கே.ஆர். நாராயணன் வென்ற 1997 தேர்தலில்தான் அந்த உரிமை முதன்முதலாகக் கைக்கு வந்தது.

அடுத்து, அந்த வாக்கின் எடை. 1971 கணக்கெடுப்பில் புதுச்சேரியின் மக்கள்தொகை 4,71,707. அதை 30 தொகுதிகளால் வகுத்து, மீண்டும் ஆயிரத்தால் வகுத்தால் 15.72 வரும். பாதிக்கு மேற்பட்ட பின்னம் முழு எண்ணாகும் என்பதால் ஓர் எம்.எல்.ஏ.வின் வாக்கு மதிப்பு 16. நெடுங்காடு, திருநள்ளாறு, காரைக்கால் வடக்கு, காரைக்கால் தெற்கு, நிரவி–திருமலைராயன்பட்டினம் ஆகிய ஐந்து தொகுதிகளுக்கும் சேர்த்து 80.

இரண்டாம் கேள்விக்கு விடை 61ஆவது பிரிவில் இருக்கிறது. அரசமைப்பை மீறியதாகக் குற்றம்சாட்டி, ஓர் அவையின் கால்பங்கு உறுப்பினர்கள் கையெழுத்திட்டு, 14 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். அந்த அவையின் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரித்தால் மற்ற அவை விசாரிக்கும். அங்கும் அதே அளவு ஆதரவு தேவை. சட்டமன்றங்களைப் பற்றி இதில் ஒரு வரிகூட இல்லை. தலைவரைத் தேர்ந்தெடுக்க வாக்கில்லாத மாநிலங்களவை நியமன உறுப்பினர்கள் அவரை நீக்க வாக்களிக்கலாம்; தேர்ந்தெடுத்த காரைக்கால் எம்.எல்.ஏ.க்களுக்கு அது கிடையாது. புதுச்சேரி முழுவதற்கும் உள்ள ஒரு மக்களவை உறுப்பினரும் ஒரு மாநிலங்களவை உறுப்பினரும்தான் காரைக்காலுக்கு மிஞ்சும் வழி.

இந்தியாவில் இதுவரை எந்தக் குடியரசுத் தலைவர் மீதும் இந்த நடவடிக்கை எடுக்கப்பட்டதில்லை. ஆனால் அவர் நியமிக்கும் துணைநிலை ஆளுநரோடு புதுச்சேரிக்கு நேரடி அனுபவம் உண்டு. துணைநிலை ஆளுநராக இருந்த கிரண் பேடியைத் திரும்பப் பெறக் கோரி முதல்வர் நாராயணசாமியின் அரசு பலமுறை போராடியது. 2021 பிப்ரவரி 16 அன்று பேடி நீக்கப்பட்டார். அறிவிப்பில் காரணம் சொல்லப்படவில்லை. ஆறாம் நாள் அந்த அரசும் பெரும்பான்மை இழந்து கவிழ்ந்தது. பேடியின் பதவிக்கால நடவடிக்கைகள் சரியா தவறா என்ற விசாரணை எந்த அவையிலும் நடக்கவில்லை.

கடலுக்கு அப்பால் இலங்கையில் அதிபரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கும் 1991இல் அதிபர் பிரேமதாசாவுக்கு எதிரான பதவி நீக்கத் தீர்மானம், செல்லத்தக்க கையெழுத்துகள் போதவில்லை என்று சபாநாயகர் முகமதுவால் நிராகரிக்கப்பட்டது. 2022இல் அதிபர் கோட்டாபயவைப் பதவி விலக வைத்தது தீர்மானமல்ல, தெருவில் திரண்ட மக்கள்.

மக்கள் கருத்துக்கு முறையான வழி இல்லாத இடத்தில் அது தெருவைத்தான் தேடும். பதவி நீக்கத்தின் இறுதி முடிவு நாடாளுமன்றத்திடமே இருக்கட்டும். ஆனால் தேர்ந்தெடுத்த சட்டமன்றங்கள் நிறைவேற்றும் தீர்மானத்தையும் விசாரிக்கும் அவை பெற்றுப் பரிசீலிக்க வேண்டும் என்று 61ஆவது பிரிவில் ஒரு வரி சேர வேண்டும். 54ஆவது பிரிவில் ஒரு விளக்கம் சேர முடிந்ததென்றால் இதுவும் முடியும்.