ஏறிய உயரமே முதல்

மும்பையிலிருந்து புணே வழியாகத் தாயகம் செல்லும் தமிழர்களுக்குக் கர்ஜத் நிலையம் புதியதன்று. அங்கே ரயில் வண்டியின் பின்புறத்தில் கூடுதல் எஞ்சின்களைப் பூட்டுவார்கள். முன்னே உள்ள எஞ்சின் இழுக்க, பின்னே உள்ளவை தள்ள, வண்டி போர்காட் மலையின்மீது ஏறிச் செல்லும். அம்மலையடியில் உள்ள கோபோலி என்னும் ஊரின் அருகே 2013ஆம் ஆண்டில் இமேஜிகா கேளிக்கைப் பூங்கா திறக்கப்பட்டது. அங்கே நைட்ரோ என்னும் ரோலர் கோஸ்டர் மக்களை ஏற்றிக்கொண்டு வளைந்தும் கவிழ்ந்தும் ஓடுகின்றது. ஒன்று உழைப்பின் பாதை. மற்றொன்று களிப்பின் பாதை. ஆயினும் இரண்டும் உறவினவே. அவ்வுறவை அறிய விரும்பும் மாணவர்கள், ஓடக்கூடிய ஒரு மாதிரிப் பாதையை வீட்டிலேயே அமைத்துப் பார்க்கலாம்.

முதலில் வரலாற்றைக் காண்போம். ரஷ்ய நாட்டில் குளிர்காலத்தில் உயர்ந்த மரச் சாரங்களின்மீது பனிக்கட்டியைப் படியச் செய்து, மக்கள் சறுக்கி விளையாடினார்கள். 1817இல் பாரிஸ் நகரில் அவ்விளையாட்டு, சக்கரம் பூட்டிய வண்டியாக உருமாறியது. அமெரிக்காவில் மாக் சங்க் என்னும் ஊரில் 1827இல் நிலக்கரி கொண்டுவர ஒரு மலைப்பாதை அமைத்தார்கள். கரி ஏற்றிய வண்டிகள் தம் எடையாலேயே கீழே ஓடிவந்தன. வெற்று வண்டிகளைக் கோவேறு கழுதைகள் மேலே இழுத்துச் சென்றன. இறங்கும்போதோ, அக்கழுதைகளும் ஒரு வண்டியில் ஏறிச் சவாரி செய்தன! பிற்காலத்தில் அப்பாதை உல்லாசப் பயணிகளுக்கு உரியதாயிற்று. 1884இல் நியூயார்க்கின் கோனி ஐலண்டில் லாமார்கஸ் தாம்ஸன் என்பவர், கட்டணம் பெற்று மக்களை ஏற்றும் சறுக்குப் பாதையைத் திறந்தார். கட்டணம் ஐந்து சென்ட். வேகமோ மணிக்கு ஆறு மைல் அளவே. பயணிகள் படியேறி மேடையை அடைந்து வண்டியில் அமர வேண்டியிருந்தது.

இனி நம் மலைக்கு வருவோம். அந்நாளைய கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வேயின் தலைமைப் பொறியாளர் ஜேம்ஸ் பர்க்லி வகுத்த போர்காட் பாதை, 1863இல் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவுக்குள் 1,831 அடி ஏறவேண்டும். அதற்கு 25 சுரங்கங்கள் வேண்டியிருந்தன. வேலை உச்சத்தில் இருந்த 1861இல் 42,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் அங்கே பாடுபட்டனர். காலராவுக்கும் விபத்துக்கும் பலியானோர் பல்லாயிரவர். ஒப்பந்தக்காரர் சாலமன் டிரெட்வெல் 1859இல், இந்தியாவுக்கு வந்த சில வாரங்களிலேயே இறந்தார். அவருடைய மனைவி ஆலிஸ் டிரெட்வெல் அப்பொறுப்பை ஏற்று வேலையை நிறைவேறச் செய்தார்.

ஏறுவது கடினம், இறங்குவதோ ஆபத்து. இறங்கும் வண்டி கட்டுக்கடங்காமல் ஓடினால் என் செய்வது? அதற்காகவே பிரதான பாதையிலிருந்து பிரிந்து, மேடாக ஏறும் பக்கப் பாதைகளை அமைத்தனர். தறிகெட்டு வரும் வண்டி அம்மேட்டில் ஏறி, வேகம் இழந்து நின்றுவிடும். வேகத்தை மீண்டும் உயரமாக மாற்றும் இவ்வுத்தியும், ரோலர் கோஸ்டரின் அடுத்தடுத்த மேடுகளும் ஒரே விதியைப் பின்பற்றுவனவே.

அவ்விதியை மாதிரி ஒன்றில் நேரே காணலாம். தாராவியின் பழம்பொருள் கடைகளிலே கிடைக்கும் வளையக்கூடிய பிளாஸ்டிக் குழாய் ஒன்றை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால், பாதை ஆயத்தம். ஒரு கோலிக்குண்டே வண்டி. சுவரோரமாக, அட்டைப் பெட்டிகளின்மீது பாதையைத் தாங்கவைக்கலாம். ஒற்றையறை வீட்டிலும் இதற்கு இடமுண்டு. முதல் மேட்டைக் காட்டிலும் இரண்டாம் மேட்டை உயர்த்தினால், கோலி அதைக் கடவாது திரும்பிவிடும். சமமாக வைத்தாலும் கடவாது. உராய்வு தன் பங்கை எடுத்துக்கொள்ளும். ஆகவே, அடுத்து வரும் ஒவ்வொரு மேடும் புறப்பட்ட உயரத்தைவிடத் தாழ்ந்தே இருத்தல் வேண்டும். இடையே முழு வளையம் ஒன்று அமைப்பதாயின், அதன் ஆரம் 10 சென்டிமீட்டர் என்று கொள்வோம். உராய்வால் இழப்பே இல்லாவிடினும், கோலி உருண்டு வளையத்தைக் கடக்க, வளையத்தின் அடியிலிருந்து சுமார் 27 சென்டிமீட்டர் உயரத்தில் புறப்பட வேண்டும். உராய்வையும் கருதி 35 அல்லது 40 வைப்பது நலம். கோலி உச்சியில் தவறி விழுமாயின், வளையத்தைப் பழிப்பதில் பயனில்லை. புறப்பட்ட உயரத்தைச் சற்றுக் கூட்டுக. பாதையின் இணைப்புகளை வழவழப்பாக்குக. பாதை அசையாதவாறு நன்கு தாங்கவைக்க.

ஆக, தொடக்கத்தில் ஏறிய உயரமே முதல், உராய்வு செலவு, எஞ்சியதே ஓட்டம். வரவுசெலவுக் கணக்கு எழுதிப் பழகிய குடும்பத்தாருக்கு இது எளிதில் விளங்கும். அந்த முதலும் இலவசமாய்க் கிடைப்பதன்று. மாக் சங்கில் கழுதைகள் அதை ஈட்டித் தந்தன. கோனி ஐலண்டில் பயணிகளின் கால்கள் தந்தன. கர்ஜத்தில் பின்னே பூட்டிய எஞ்சின்கள் இன்றும் தருகின்றன. வண்டி ஏறுவதற்கான வழியையோ, பெயர் பொறிக்கப்படாத பல்லாயிரம் தொழிலாளர்கள் தம் உயிரைக் கொடுத்து அமைத்தனர். கோலியை மேட்டின்மீது எடுத்து வைக்கும் பிள்ளையிடம் பெற்றோர் இவ்வரலாற்றையும் சொல்லுதல் நன்று. விளையாட்டுப் பாதையில் அறிவியலை அறியும் பிள்ளை, தன்னை ஊருக்குச் சுமந்து செல்லும் பாதையை அமைத்தவர்களையும் அறிந்திருத்தல் வேண்டும் அன்றோ?