குந்துமணித் தங்கத்தின் கதை

"வீட்ல ஒரு குந்துமணித் தங்கம் கூட கிடையாது"ன்னு இன்னிக்கும் ஊர்ப்பக்கம் சொல்றாங்க. "ஒரு மில்லிகிராம் தங்கம் கூட இல்லை"ன்னு யாரும் புலம்பி நான் கேட்டதில்லை :-) தங்கத்தோட வரலாறுன்னு எடுத்தாலே ராஜா, கஜானா, கொள்ளை, கடத்தல்னு போயிடும். கையில இருக்குற கொஞ்சக் காசுக்குத் துளித்துளியா வாங்கிச் சேர்த்தவங்க கதையை யாரும் அவ்வளவா எழுதுறதில்லை. இந்தப் பதிவு அவங்களைப் பத்தி.

முதல்ல குந்துமணி. குன்றிமணி, குண்டுமணின்னும் சொல்வோம். வேலியில படர்ற கொடி, சிவப்பு விதை, முனையில கறுப்புப் பொட்டு. விதைக்கு விதை எடை பெரிசா மாறாதுங்கறதால தட்டார்கள் அதை எடைக்கல்லா வெச்சுக்கிட்டாங்க. ஒரு குந்துமணி சுமாரா 0.12 கிராம். ரெண்டு குன்றி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுல ராஜராஜன் கொடுத்த நகைகளோட எடை இந்தக் கணக்குலதான் இருக்கு. தங்கம் நிறுக்க "ஆடவல்லான்"னு பேர் வெச்ச ஒரு எடைக்கல்லே இருந்திருக்கு!

இங்க ஒரு விஷயம் கவனிங்க. கோயில் நகைக்குப் பேர் வெச்ச எடைக்கல் உண்டு, கல்வெட்டு சாட்சி உண்டு. மூக்குத்தி வாங்குற சாதாரண ஜனத்துக்கு என்ன சாட்சி? ஆசாரியோட தராசு, ஆசாரியோட உரைகல், ஆசாரியோட வாக்கு. அவர் நல்லவரா இருந்தா தப்பிச்சோம். மாற்று குறைஞ்சிருந்தா என்னிக்கோ விக்கப் போறப்பதான் தெரியும். தங்கத்தைக் கொஞ்சமா வாங்குறவங்களோட நிஜப் பிரச்சினை விலை மட்டும் இல்லை, நம்பிக்கையும்தான்.

அதனாலதான் வெள்ளைக்காரன் சவரன் இங்க அவ்வளவு பிரபலமாச்சு. 7.98 கிராம், 22 காரட், ராணி தலை போட்ட காசு. உரைச்சுப் பாக்க வேண்டாம், நிறுக்க வேண்டாம், தலையைப் பார்த்தா போதும். 1899-ல ஒரு சவரன் 15 ரூபாய்னு இந்தியாவுல சட்டபூர்வ நாணயமாவே ஆக்கினாங்க. 1918-ல பம்பாய்லயே அச்சடிச்சாங்க. வசதியான வீடுகள்ல காசுமாலை கோத்தாங்க. அந்தக் காசு போய் ரொம்ப நாளாச்சு, ஆனா பேரு மட்டும் தங்கிடுச்சு. நாம இன்னிக்கு 8 கிராமைச் சவரன்னு சொல்றது அந்தக் காசோட மிச்சம்தான்.

ஆனா கூலி வேலை செஞ்சவங்களுக்கு 15 ரூபாய் ஒண்ணா சேர்றதுன்னா மாசக்கணக்கு ஆகும். அவங்க என்ன பண்ணாங்க? வெள்ளிக்குப் போனாங்க. அன்னிக்கு ஒரு ரூபாய்க் காசே ஒரு தோலா எடை (11.66 கிராம்), பன்னிரண்டுல பதினோரு பங்கு வெள்ளி. ரூபாயைச் சேர்த்து ஆசாரிகிட்ட கொடுத்தா கொலுசு, தண்டை, அரைஞாண். எடைக்கும் தரத்துக்கும் சர்க்காரே ஜாமீன். ஏழைக்கு இதைவிட நல்ல சேமிப்பு கிடையாது. 1940-ல ரூபாயில வெள்ளியைப் பாதியா குறைச்சாங்க, 1947-ல நிக்கல் ரூபாய் வந்துருச்சு. அந்தக் கதவும் சாத்தியாச்சு.

இதுக்கு நடுவுல 1931. ரெண்டு வருஷமா உலகப் பொருளாதார மந்தம், விளைபொருளுக்கு விலை இல்லை. கடனும் தீர்வையும் மட்டும் அப்படியே நிக்குது. செப்டம்பர் மாசம் இங்கிலாந்து தங்கத் திட்டத்தைக் கைவிட, ரூபாய்க் கணக்குல தங்கம் விலை ஏறுச்சு. கிராமத்து ஜனங்க நகையைக் கொண்டு வந்து வித்தாங்க. அதெல்லாம் உருகி, கட்டியாகி, கப்பல்ல வெளிநாடு போச்சு. "நல்ல விலைக்குத்தானே வித்தாங்க"ன்னு சர்க்கார் தரப்புல வாதம். வயித்துப்பாட்டுக்குக் காதுல இருந்ததைக் கழட்டினவங்களுக்கு அது லாபமா? ஆனா ஒண்ணு, அந்தத் தோடு இல்லேன்னா நிலம் போயிருக்கும். நம்ம ஜனங்களுக்கு நகைன்னா அலங்காரம் மட்டும் இல்லை, கெட்ட காலத்துக்கு எடுத்து வெச்ச நெல்லு மாதிரி.

அடுத்த அடி சுதந்திர இந்தியாவுல. சீனப்போர், அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு, தங்கக் கடத்தல் எல்லாம் சேர, 1963 ஜனவரியில நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாடு கொண்டு வந்தார். புதுசா செய்யிற நகை 14 காரட்டுக்கு மேல இருக்கக் கூடாது. அதாவது நூத்துல 58 பங்குதான் தங்கம். இதை யார் வாங்குவா? ஆசாரிகள் பட்டறையை மூடினாங்க, நாடு பூரா தற்கொலைச் செய்திகள். 1966-ல 14 காரட் விதி போச்சு. ஆனா 1968-ல தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டமே வந்து, 1990 வரைக்கும் இருந்துச்சு. சாதாரண ஆள் தங்கத்தைக் கட்டியா வெச்சுக்கக் கூடாது, நகையா மட்டும்தான். விளைவு? சேமிக்கணும்னு நினைச்சவங்க ஒவ்வொரு தடவையும் செய்கூலி, சேதாரம் கொடுத்தே ஆகணும். சின்ன நகைக்கு வேலைப்பாடு அதிகம், அதனால சேதார சதவீதமும் பெரும்பாலும் அதிகம். கொஞ்சமா வாங்குறவங்க அதிகமா கொடுத்தாங்க.

சரி, இப்ப எல்லாம் மாறிடுச்சுல்ல? ஹால்மார்க் வந்துச்சே! வந்துச்சு. 2000-ல இஷ்டப்பட்டவங்களுக்குன்னு ஆரம்பிச்சு, 2021 ஜூன்ல கட்டாயமாச்சு (முதல்ல 256 மாவட்டங்கள்ல). 2023 ஏப்ரல்ல இருந்து ஒவ்வொரு நகைக்கும் ஆறு இலக்க அடையாள எண். தரம் குறைஞ்சா, குறைஞ்ச மதிப்பைப் போல ரெண்டு மடங்கு இழப்பீடு கேட்கவும் வழி உண்டு. ஆயிரம் வருஷமா ஆசாரி வாக்கை மட்டும் நம்பினவங்களுக்குக் கடைசியா ஒரு ஆடவல்லான் கல்!

ஆனா அந்த உத்தரவுல ஒரு சின்ன வரி இருக்கு. ரெண்டு கிராமுக்குக் குறைஞ்ச நகைக்கு ஹால்மார்க் கட்டாயம் இல்லை. ரெண்டு கிராமுக்குக் குறைவா என்ன இருக்கும்? மூக்குத்தி, குழந்தைக்குக் காதுகுத்துற தோடு, தாலிப் பொட்டு, குண்டு. அதாவது கம்மியா காசு வெச்சிருக்குறவங்க வாங்குறது! இத்துனூண்டு பொருள்ல முத்திரை குத்துறது கஷ்டம்னு காரணம் சொல்லலாம். ஆனா கேட்டு வாங்கினா போட்டுத் தர்ற கடைகளும் இருக்கே. கட்டணமும் எடைக்கு இல்லை, உருப்படிக்கு. அரை கிராமுக்கும் பத்து சவரனுக்கும் ஒரே சில பத்து ரூபாய்தான். பெரிய ஆரத்துக்கு அது தூசு, மூக்குத்திக்குக் கொஞ்சம் உறைக்கும். கொடுக்கலாம், தப்பில்லை.

நகைச்சீட்டையும் சொல்லணும். பெரும்பாலும் அது ஏன் 11 மாசம்னு யோசிச்சிருக்கீங்களா? பொருளுக்காக வாங்குற முன்பணத்தை 365 நாளுக்குள்ள நேர் பண்ணலைன்னா அது டெபாசிட் கணக்குல வந்துடும்னு 2014 விதி. கம்பெனிகள் அதுக்குள்ள முடிச்சுக்குது. இதுலயும் குந்துமணிக்காரங்க முதல்ல காசு கொடுத்துட்டு நம்பிக் காத்திருக்கணும்.

மொத்தத்துல சட்டம் வந்தப்பெல்லாம் அடி முதல்ல இவங்களுக்கு, பாதுகாப்பு வந்தப்போ கடைசியில இவங்களுக்கு. அந்த ரெண்டு கிராம் விலக்கை எடுத்துட்டா கதை கொஞ்சம் மாறும்.

உங்க பக்கம் சின்ன எடைக்கு என்ன பேரு? பணவெடையா, வேற ஏதாவதா? பின்னூட்டத்துல சொல்லுங்க மக்கா.

டிஸ்கி: இது முதலீட்டு ஆலோசனைப் பதிவு கிடையாது. தங்கம் ஏறுமா இறங்குமான்னு என்னைக் கேட்காதீங்க, அது தெரிஞ்சா நான் ஏன் பதிவு எழுதிட்டு இருக்கேன் :-)