டெட் தீர்ப்பு: பணியில் இருக்கும் ஆசிரியர்களின் கேள்விகள்

2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, பல ஆண்டுகளாகப் பாடம் நடத்திவருபவர்களையும் தேர்வறைக்கு அனுப்புகிறது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை கற்பிக்கும் ஆசிரியர்களில் ஓய்வுபெற ஐந்தாண்டுகளுக்கு மேல் இருப்பவர்கள், இரண்டு ஆண்டுகளுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் (டெட்) தேற வேண்டும். தேறாவிட்டால் வேலை இல்லை. ஐந்தாண்டுக்குக் குறைவாக இருப்பவர்கள் பணியில் தொடரலாம். ஆனால் டெட் தேறாமல் பதவி உயர்வு பெற முடியாது.

டெட் கட்டாயமானது 2010 ஆகஸ்ட் 23-ஆம் தேதி அறிவிக்கையின் மூலம்தான். அதற்கு முன்பே ஆசிரியர் பயிற்சி முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பில் பணிக்கு வந்தவர்கள் தமிழகத்தில் ஏராளம். "அன்று கேட்ட தகுதி எங்களிடம் இருந்தது. இன்று ஏன் புதிதாகக் கேட்கிறீர்கள்?" என்பதே அவர்களது வாதம். அதில் நியாயம் இருக்கிறது. தேர்வும் எளிதல்ல. 2012 ஜூலையில் தமிழகத்தில் நடந்த முதல் டெட்டை ஆறரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினர். தேறியவர்கள் 2,448 பேர்தான். 150 கேள்விகளுக்கு ஒன்றரை மணி நேரமே கொடுத்திருந்தார்கள். பிறகு அதை மூன்று மணி நேரமாக்கி, அதே ஆண்டு அக்டோபரில் துணைத் தேர்வு நடத்த வேண்டியதாயிற்று.

ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்புகளைச் சமாளித்து, எண்ணும் எழுத்தும் திட்டத்தின் மதிப்பீடுகளைப் பார்த்து, எமிஸ் பதிவேற்றமும் முடித்த பிறகு ஓர் ஆசிரியர் எப்போது உட்கார்ந்து படிப்பார்?

தகுதியை இவ்வளவு கறாராகக் கேட்கும் அமைப்பு, ஊதியத்தில் அதே கறாரைக் காட்டவில்லை. 2009 மே 31 வரை சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய் என நிர்ணயித்தார்கள். மறுநாள் முதல் சேர்ந்தவருக்கு 5,200 ரூபாய். படிப்பும் ஒன்று, வேலையும் ஒன்று. ஒரு நாள் வித்தியாசத்தில் 3,170 ரூபாய் போய்விட்டது. அகவிலைப்படியும் அடிப்படை ஊதியத்தை வைத்தே கணக்கிடப்படுவதால் இழப்பு அத்தோடு நிற்பதில்லை. "சம வேலைக்குச் சம ஊதியம்" கேட்டு இவர்கள் சென்னையில் ஆண்டாண்டாகப் போராடி வருகிறார்கள்.

நம் சமுதாயம் நடத்தும் பள்ளிகளின் நிலை வேறு. கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று 2014-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு கூறியிருந்தது. 2025 தீர்ப்பை வழங்கிய இரு நீதிபதிகள் அதில் ஐயம் எழுப்பி, பெரிய அமர்வு பரிசீலிக்கட்டும் எனத் தலைமை நீதிபதிக்கு அனுப்பினர். அது முடிவாகும் வரை இப்பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு டெட் கட்டாயமில்லை என்றது தீர்ப்பு.

இதை நிர்வாகங்கள் நிம்மதியாக எடுத்துக்கொள்ளலாம். ஆசிரியரால் முடியாது. பெரிய அமர்வு மாற்றிச் சொன்னால் பாதிக்கப்படுவது அவர்தான். டெட் இல்லாமல் அவர் அரசுப் பள்ளிப் பணிக்கும் போக முடியாது. அரசு உதவி பெறாத பள்ளியில் இருப்பவருக்கு அரசு ஊதிய விகிதமும் கிடையாது. பயிற்சி வகுப்புக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும் அவர் தன் கையிலிருந்துதான் செலவழிக்க வேண்டும். நிர்வாகம் அதை ஏற்றுக்கொண்டால் தவிர.