காலி வீதிக் கைப்பேசிக்குள் ஓர் ஒலி

பம்பலப்பிட்டிக் கடைகளில் கைப்பேசிக்கு விலை பேசுவோர் விசாரிப்பது கமராவையும் பற்றரியையும்தான். ஆனால் 1989இல் செல்டெல் நிறுவனத்தோடு இலங்கைக்கு வந்த இக்கருவி இன்று சட்டைப்பைக்குள் அடங்குவதில், வேண்டிய அலைவரிசையை மட்டும் பிரித்தெடுக்கும் வடிகட்டிக்குப் பெரும்பங்கு உண்டு என்பேன். வடிகட்டியின் அளவு அதில் ஓடும் அலையின் நீளத்தைப் பொறுத்தது. 1800 மெகாஹேர்ட்ஸ் வானொலி அலையின் நீளம் ஏறக்குறைய 17 சென்டிமீட்டர். அதையே படிகத்தில் ஒலி அதிர்வாக்கினால் இரண்டொரு மைக்ரோமீட்டர்தான். 1965இல் ஆய்வாளர்களான வைட்டும் வோல்ட்மரும் சீப்புப்பற்கள் போல் கோத்த மின்முனைகளால் அத்தகைய மேற்பரப்பு அலைகளை எழுப்பிக் காட்டினர்.

வடிகட்டுவதற்கு எண்முறைக் கணிப்பே போதாதா என்று கேட்கலாம். போதாது. 1800 மெகாஹேர்ட்ஸ் பட்டையின் 4ஜி, ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் செய்கிறது; இரண்டின் அலைவரிசைகளுக்கும் இடையே விடப்பட்டிருப்பது 20 மெகாஹேர்ட்ஸ் மட்டுமே. தன் அலைபரப்பியின் வலுவில் திணறும் ரிசீவரிடம் கணிப்பதற்கு எதுவும் மிஞ்சாது. அமெரிக்காவின் 1900 பட்டையிலும் இதே நெருக்கடிதான். அதற்காகவே அஜிலன்ட் நிறுவனம் 2001இல் மென்படல ஒலி அதிர்விகளைக் கைப்பேசிக்குள் கொண்டுவந்தது.